இறகு விழுந்த விதம் பற்றிய விசாரணை

நியூ கில்போவா கல்லூரிக்கு வேதியியலும் இயற்கை அறிவியலும் நடத்த ஒரு பேராசிரியர் தேவைப்பட்டபோது, ஆசா லாத்ராப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு வேதியியல் தெரியாது. அதுதான் காரணம்.

கல்லூரியின் முதல்வர் போதகர் ஸ்ப்ரேக் இதை மறைக்கவில்லை. அறங்காவலர் கூட்டத்தில் எழுந்து நின்றே விளக்கினார்.

"வேதியியல் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா அதை எங்க கத்துக்கிட்டாங்க? பாரிஸ்ல. பாரிஸ்ல கத்துக்கிட்டவன் நம்ம பசங்களுக்கு உப்பு எப்படி உண்டாகுதுன்னு சொல்லுவான். அடுத்த மூச்சுல கடவுள் இல்லேன்னும் சொல்லுவான். லாத்ராப் நம்ம பையன். காலை ஜெபத்துக்கு ஒரு நாள் வராம இருந்ததில்ல. ஒழுக்கம் இருக்கிறவனுக்கு அறிவியலைப் புகட்டிடலாம். அறிவியல் இருக்கிறவனுக்கு ஒழுக்கத்தைப் புகட்ட முடியுமா?"

"முடியவே முடியாது," என்றார் டீக்கன் ஹாஸ்மர். அவர் தேவாலய ஊழியர், கல்லூரி அறங்காவலர்; ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தார். "என் ஆலையிலயும் இதே கதைதான். வேலை தெரிஞ்சவனை வெச்சா கேள்வி கேக்கிறான்."

லாத்ராப் அப்போது முதலாண்டு மாணவர்களுக்குக் கிரேக்க இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். விடுதி அறைகளில் சீட்டாட்டம் நடக்கிறதா என்று கதவில் காதை வைத்துக் கேட்பதும், சாப்பாட்டுக்கூடத்தில் ரொட்டி பறக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலைதான். முதல்வர் அழைத்து விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் காது சூடானது.

"வேதியியல்னா என்னென்ன வரும், சார்?"

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு வரத்தான் உன்னை பிலடெல்பியாவுக்கு அனுப்புறோம். ஒரு குளிர்காலம் இருந்து கத்துக்கிட்டு வா. வேதியியலை மட்டும் கத்துக்கிட்டு வா. பதவி இப்போதைக்குத் தற்காலிகம். முதல் தேர்வு நாள்ல டிரஸ்டிங்க மனசு குளிர்ந்தா உறுதியாகும். இல்லேன்னா கிரேக்கம் எங்கேயும் ஓடிப் போகல, உனக்காகக் காத்திருக்கும்."

பிலடெல்பியாவில் லாத்ராப் குளிரில் நடுங்கிக்கொண்டு விரிவுரைகளைக் கேட்டார். பாதி புரிந்தது. ஒரு நாள் அங்கிருந்த பேராசிரியர் உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றிலிருந்து காற்றுப் பம்பால் காற்றை உறிஞ்சி எடுத்தார். உள்ளே ஒரு நாணயமும் ஒரு வாத்து இறகும் இருந்தன. குழாயைத் தலைகீழாகத் திருப்பினார். இரண்டும் சேர்ந்து, ஒரே மூச்சில், அடியைத் தொட்டன. வகுப்பு கலைந்த பிறகு லாத்ராப் மேசையருகே போய், இன்னொரு முறை காட்ட முடியுமா என்று கேட்டார். காட்டினார்கள். மூன்றாம் முறையும் காட்டச் சொன்னார். ஏனென்று அவருக்கே விளங்கவில்லை. ஒரு இறகும் ஒரு நாணயமும் கீழே விழுந்தன, அவ்வளவுதான்.

ஊர் திரும்பும் வண்டியில் அவர் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். நம் பிள்ளைகளும் இதை ஒரு முறை பார்க்க வேண்டும்.

நியூ கில்போவாவிலும் காற்றுப் பம்பு இருந்தது. காலமான கேப்டன் டில்லிங்ஹாம் லண்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கொடுத்தது. பித்தளைத் தகட்டில் அவர் பெயர் பொறித்திருக்கும். கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை முதல்வர் தம் கடிகாரச் சங்கிலியில் மாட்டியிருந்தார். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் முதலில் தேவாலயத்தையும், அடுத்து பம்பையும், கடைசியாகக் கல்லறைத் தோட்டத்தையும் காட்டுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, தேர்வு நாளன்று, அறங்காவலர்கள் முன்னிலையில் அது வெளியே வரும். இவ்வளவு காலமும் அதை இயக்கிவந்தவர் டாக்டர் கூலி. போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனார்.

மற்ற நாட்களில் அறிவியல் மனப்பாடமாக நடந்தது. பேராசிரியர் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருப்பார். மாணவன் எழுந்து ஒப்பிப்பான். சொல் தவறினால் மதிப்பெண் போகும்.

லாத்ராப்பின் முதல் வகுப்பில் ஒரு மாணவன் கணீரென்று ஒப்பித்தான்: "காற்று நீக்கப்பட்ட குழாயில் இறகும் நாணயமும் சேர்ந்து விழுவதை நாம் இப்போது காண்கிறோம்."

"எங்க காண்றோம்?" என்று கேட்டார் லாத்ராப்.

மாணவன் திகைத்தான். "அந்தப் பக்கத்துக்கு நடுவுல, சார்."

பின் வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. "அது நிஜமா விழுமா, சார்?"

ஓபெட் தாக்ஸ்டர். பேராசிரியரைவிட இரண்டு வயது மூத்தவன். கற்கள் மண்டிய வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவன். பட்டம் கிடைத்ததும் அவன் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மனப்பாடம்தான் அவனுக்கு வராது. சொற்களைக் கல் பொறுக்குவது மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பான்.

வகுப்பு சிரித்தது. "டாக்டர் கூலிகிட்டயும் இதைத்தான் கேட்டேன், சார்," என்றான் ஓபெட். "'ஒப்பி, தாக்ஸ்டர்'னு சொல்லிட்டாரு."

லாத்ராப் நேரே முதல்வரிடம் போய்ச் சாவியைக் கேட்டார்.

"வகுப்புக்கா? பசங்க தொட்டுப் பார்க்கவா?"

"ஆமாம் சார். தொட்டா கத்துக்குவாங்க."

"தொட்டா ஒடஞ்சு போகும். ஒடஞ்சா தேர்வு நாள்ல டிரஸ்டிங்க எதைப் பார்ப்பாங்க?" முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பிரசங்கம் வருகிறது என்று பொருள். "தம்பி, நீ பிலடெல்பியாவுல கொஞ்சம் கெட்டுப்போயிட்டே. சோதனைங்கிறது ஒண்ணைத் தெரிஞ்சுக்கிறதுக்குச் செய்யறது இல்ல. தெரிஞ்சது தெரிஞ்சதுதான்னு பெரியவங்க முன்னாடி காட்டுறதுக்குச் செய்யறது. ஞானஸ்நானத் தண்ணியை எடுத்துட்டுப் போய் யாராவது சட்டை துவைப்பாங்களா?"

லாத்ராப் தலையாட்டிவிட்டு எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"தூசி தட்டணும் சார். பித்தளை கறுத்திருக்கு."

முதல்வர் அந்த நிமிடமே சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

அறையைத் தாழிட்டுக்கொண்டு லாத்ராப் பம்பை இயக்கிப் பார்த்தார். குழாயைத் திருப்பினார். நாணயம் டணக்கென்று விழுந்தது. இறகு இடமும் வலமும் சாய்ந்து, யோசித்து யோசித்து இறங்கியது. மறுபடியும் இயக்கினார். மறுபடியும் அப்படியே. பம்பைக் கழற்றிப் பார்த்தபோது விளங்கியது. காற்று கசியாமல் தடுக்க உள்ளே வைத்திருந்த தோல் உலர்ந்து, சுருங்கி, வெடித்திருந்தது. எடுத்த காற்றெல்லாம் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. தோலைப் பார்த்தால் பம்பு கப்பலைவிட்டு இறங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும் போலிருந்தது.

அன்று இரவு உணவின்போது முதல்வரிடம் மெதுவாகக் கேட்டார். "போன வருஷம் இறகு எப்படி விழுந்துச்சு, சார்?"

"நாணயத்தோட சேர்ந்துதான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"எல்லாரும்தான் பார்த்தோம். நாணயம் விழுந்துச்சு. அப்புறம் கொஞ்ச நேரத்துல, அழகா ஆடி ஆடி, இறகும் அதோட சேர்ந்து விழுந்துச்சு."

லாத்ராப் தட்டிலிருந்த உப்பு மீனைப் பார்த்தார். தமக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். அல்லது பணிவாக அப்படி நினைத்துக்கொள்ள முயன்றார். மறுநாள் புதுத்தோல் ஒன்றை எண்ணெயில் ஊறவைத்து, வெட்டி, பம்பில் பொருத்தினார். இறகும் நாணயமும் சேர்ந்து விழுந்தன. தேர்வு நாளில் அறங்காவலர்கள் எவ்வளவு மகிழ்வார்கள் என்று எண்ணியபடியே அலமாரியைப் பூட்டினார். படித்தவர் என்றாலும் இளைஞர்தானே.

தேர்வு நாளுக்குச் சில மரபுகள் உண்டு. அறங்காவலர்கள் கூடத்தின் ஒரு பக்கம் உயர்ந்த நாற்காலிகளில் அமர்வார்கள். ஒப்பிக்கும் மாணவன் அவர்களைப் பார்த்து நிற்பான். பம்பு அவனுக்குப் பின்னால் இருக்கும். அவன் அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் அறங்காவலர்களுக்கு முதுகு காட்டியதாகும், அது குற்றம். ஆகவே கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து, "நாம் இப்போது காண்கிறோம்" என்று ஒப்பித்த எந்த மாணவனும் எதையும் கண்டதில்லை. இதில் குறை இருப்பதாக யாரும் சொன்னதும் இல்லை.

முதல் வரிசையில் கறுப்புப் பட்டு உடுத்தி, கேப்டனின் விதவை மெஹிட்டபெல் டில்லிங்ஹாம் அமர்ந்திருந்தார். ஒவ்வோர் ஆண்டும் சோதனைக்கான இறகு அவர் வீட்டு வாத்திடமிருந்துதான் வரும். தேவாலயத்துக்கு ஒரு மணி வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தார். அதனால் அவருக்குக் குளிர்கிறதா என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல்வர் தொடக்க ஜெபம் செய்தார். அந்த ஜெபம் நீளமானது. அது முடிவதற்குள் குழாயைக் காலி செய்துவிட வேண்டும் என்பது மரபு. லாத்ராப் பம்பை இயக்கினார். நெற்றி வியர்த்தது. ஆமென்.

"தாக்ஸ்டர்," என்று அழைத்தார் முதல்வர். "ஏர் பிடிச்ச கை கூட இந்தக் கல்லூரியில என்ன ஆகும்னு பெரியவங்க பார்க்கட்டும்."

ஓபெட் எழுந்து நின்றான். இரண்டு வாரமாகத் தொழுவத்திலும் கிணற்றடியிலும் நின்று உருப்போட்டிருந்தான். ஒரு சொல் பிசகவில்லை. "...சேர்ந்து விழுவதை நாம் இப்போது காண்கிறோம்."

லாத்ராப் குழாயைத் திருப்பினார். டண்.

ஒரே ஒலி. அவ்வளவுதான். அறங்காவலர்கள் காத்திருந்தார்கள். டாக்டர் கூலி காலத்தில் நாணயம் விழுந்த பிறகு ஒரு நீண்ட அமைதி இருக்கும்; அதன் முடிவில் எல்லாரும் பெருமூச்சு விட்டுக் கைதட்டுவார்கள். இப்போது எதற்குக் கைதட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கவனிக்கவில்லையோ என்று லாத்ராப்புக்குப் பதைத்தது. குழாயை மீண்டும் திருப்பினார்.

போன ஆண்டு கதவுக்கு வெளியே நின்று கேட்டிருந்த அந்த அமைதி வராததால் குழம்பிப்போன ஓபெட் திரும்பிவிட்டான். பார்த்துவிட்டான்.

"அடக் கடவுளே!" என்று கத்தினான். "நிஜமாவே விழுதே!"

அறங்காவலர்கள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

"இறகு எங்க?" என்று கேட்டார் மெஹிட்டபெல் அம்மையார்.

"கீழ இருக்கும்மா," என்றார் லாத்ராப்.

"எப்ப விழுந்துச்சு?"

"நாணயத்தோட."

"நான் பார்க்கலையே! வருஷா வருஷம் என் வாத்தோட இறகு சேர்ந்து விழுறதை ஆற அமரப் பார்ப்பேன். வேதத்துல ஒரு சங்கீதம் சொல்லி முடிக்கிற வரைக்கும் இறங்கும். என் கேப்டனே ஏணியில இறங்கி வர்ற மாதிரி இருக்கும். இன்னிக்கு என்னடான்னா செத்த காக்கா மாதிரி விழுது. அந்த மனுஷன் குடுத்த பம்பை என்னய்யா பண்ணீங்க?"

"சோதனை தோத்துப் போச்சு," என்றார் டீக்கன் ஹாஸ்மர், பக்கத்தில் இருந்தவரிடம். அவர் ரகசியம் பேசினால் தெருவில் கேட்கும்.

விசாரணைக் குழு மறுநாளே அமைந்தது. ஓபெட் தாக்ஸ்டர்மீது மூன்று குற்றச்சாட்டுகள். அறங்காவலர்களுக்கு முதுகு காட்டியது. கடவுள் பெயரை வீணில் எடுத்தது. ஆச்சரியப்பட்டது. இவற்றில் கடைசியே கொடியது என்று முதல்வர் கருதினார். நிரூபணமானால் பட்டம் கிடையாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

விசாரணைக்கு முன் ஓபெட் லாத்ராப்பைப் படிக்கட்டில் பிடித்தான்.

"பம்புல எண்ணெய் வாசனை வந்துச்சு, சார். நீங்க ஏதோ சரி பண்ணியிருக்கீங்க."

"தோலை மாத்தினேன்."

"அப்பாடா. அதைச் சொல்லிடுங்க, சார். முன்னாடி விழல, இப்ப விழுது. எந்த மனுஷனும் திரும்பிப் பார்ப்பான்னு அவங்களுக்கே புரிஞ்சிடும்."

"சொல்றேன், தாக்ஸ்டர். கண்டிப்பா சொல்றேன்."

சொல்ல வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் அறைக் கதவருகே முதல்வர் அவர் தோளில் கை வைத்தார். அன்பான கை.

"உன் பதவியை இன்னிக்கே உறுதி பண்ணிடலாம்னு பேசியிருக்கோம். ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. பம்புல ஏதாவது மாத்தினியான்னு. 'இல்ல'ன்னு சொன்னா பம்பு பழைய பம்பு, சோதனை பழைய சோதனை, ஆச்சரியப்பட்டவன் மேல தப்பு. 'ஆமா'ன்னு சொன்னா..." முதல்வர் குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷமா நாங்கெல்லாம் எதைப் பார்த்தோம்னு ஆகும், தம்பி? நானு, டீக்கன், காலமான டாக்டர் கூலி, அந்த அம்மா? உன்கிட்ட பொய் சொல்லச் சொல்லல. நான் போதகன். நிதானமா யோசின்னு சொல்றேன்."

குழு ஆப்பிள் பணியாரத்தை முடித்துவிட்டு ஓபெட்டை உள்ளே அழைத்தது. டீக்கன் ஹாஸ்மர் கேள்வி கேட்டார்.

"ஏன் ஆச்சரியப்பட்டே?"

"விழுந்துச்சு சார். அதான்."

"விழும்னு புத்தகத்துல போட்டிருக்கே?"

"போட்டிருக்கு சார். அதே மாதிரி விழுந்துச்சு."

"அப்ப நீ புத்தகத்தை நம்பல."

"நம்பினேன் சார். பார்த்ததும் இன்னும் நல்லா நம்பினேன்."

"இன்னும் நல்லா!" டீக்கன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? அப்ப முன்னாடி கொறைச்சலாத்தான் நம்பியிருக்கான். அவன் வாயாலேயே வந்துருச்சு."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுலதான் ஆபத்து இருக்கு. இறகைப் பார்த்தா அதோட நிக்கும்னு நினைக்கிறீங்களா? இன்னிக்கு இறகு விழுதான்னு பார்ப்பான். நாளைக்கு வேதத்துல இருக்கிறது நடந்துச்சான்னு பார்ப்பான். அப்புறம் நம்மையே பார்ப்பான். ஒரு கல்லூரி எதுக்கு இருக்கு? எதைக் கண்டாலும் ஆச்சரியப்படாத ஆளை உருவாக்கத்தான். நான் இங்க வந்ததிலிருந்து எதுக்கும் ஆச்சரியப்பட்டதில்ல."

இதை யாரும் மறுக்கவில்லை.

இறகு பற்றிய தீர்மானமும் அப்போதே வாக்குக்கு விடப்பட்டது. முந்தைய ஆண்டுகளில் இறகு நாணயத்தோடு சேர்ந்து உரிய கண்ணியத்தோடு விழுந்தது என்றும், இந்த ஆண்டு அவசரப்பட்டுவிட்டது என்றும் ஒருமனதாக முடிவானது.

பிறகு லாத்ராப்பை எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

"பேராசிரியரே," என்றார் டீக்கன். அதுவரை அவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. "பம்புல ஏதாவது மாத்தினீங்களா?"

லாத்ராப் வாயைத் திறந்தார். ஓபெட் நம்பிக்கையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்றால் அலமாரிச் சாவி போய்விடும், பிலடெல்பியா போய்விடும், மறுபடி கிரேக்க இலக்கணம், மறுபடி கதவில் காது. பதவி இருந்தால்தானே பிள்ளைகளுக்கு ஏதாவது நல்லது செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது. எந்தப் பிள்ளைகளுக்கு என்று யோசிக்க நேரம் இல்லை.

"கேப்டன் குடுத்த அதே பம்புதான் சார்," என்றார்.

"அதைக் கேக்கல. மாத்தினீங்களா?"

"தூசி தட்டினேன்."

"அவ்வளவுதானா?"

"பித்தளையை... பளபளப்பாக்கினேன்."

"இறகும் நாணயமும் வழக்கத்துக்கு மாறா விழுந்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"நான் குழாயோட பிடியைப் பார்த்துக்கிட்டிருந்தேன், சார்."

ஓபெட் அவர் பக்கம் திரும்பினான். இந்த முறை அவன் ஆச்சரியப்படவில்லை.

மறுநாள் காலை லாத்ராப் கல்லூரி வாசல்வரை அவனோடு நடந்தார். மூட்டையைத் தூக்கிக்கொடுக்கப் போனார். அவன் விடவில்லை.

"நான் என்ன பண்ணியிருக்க முடியும், தாக்ஸ்டர்? என் நிலைமையைக் கொஞ்சம்..."

"புரியுது, சார்."

"ஊர்ல என்ன பண்ணப் போறே?"

"வயல் இருக்கே. கல் பொறுக்கணும்." ஓபெட் மூட்டையைத் தோளில் ஏற்றினான். "கல்லைத் தூக்கிப் போட்டா விழும், சார். அங்க அதுக்கு யாரும் ஓட்டு எடுக்க மாட்டாங்க."

சாலையில் இறங்கி நடந்தான். கல்லூரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதுத்தோலைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டும்படி யாரும் லாத்ராப்பிடம் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு இறகு பழையபடி இறங்கினால் அம்மையாருக்கு மனம் ஆறும் என்று மட்டும் முதல்வர் சொன்னார். இறங்கும் என்றார் லாத்ராப்.

பதவியேற்பு விழா கோடையில் நடந்தது. பேராசிரியர் ஆசா லாத்ராப் கறுப்பு அங்கி அணிந்து மேடையேறி, மரபுப்படி லத்தீனில் உரையாற்றினார். உரையைப் பல வாரம் உழைத்து எழுதியிருந்தார். புத்தகம் சொல்வதை நம்பாதே, பெரியவர்கள் சொல்வதை நம்பாதே, கல்லூரி சொல்வதை நம்பாதே, திரும்பி நின்று உன் கண்ணால் பார், பார்த்ததைப் பதவிக்குப் பயந்து மறைக்காதே என்பதே அதன் சாரம். பேசும்போது இரண்டு இடங்களில் அவர் குரல் உடைந்தது. அறங்காவலர்கள் லத்தீனைக் கைவிட்டுப் பல காலம் ஆகியிருந்ததால், முதல்வர் தலையசைத்த இடங்களிலெல்லாம் அவர்களும் தலையசைத்தார்கள். முதல்வர் தூக்கத்தில் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

உரை முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு அடக்கமான உரையைத் தாம் கேட்டதே இல்லை என்றார் டீக்கன் ஹாஸ்மர்.